ஜப்பானில் நீண்டகாலம் வதியப் போகும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத்தவருக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மத்திய கிழக்குக்குப் போய் வந்தவர் இல்லாத தெரு இல்லை. ஐரோப்பாவுக்கோ கனடாவுக்கோ போகிறவருக்கு அங்கே முறை சொல்லித் தர ஒரு மாமாவோ மச்சானோ இருப்பார். ஜப்பானுக்குப் போகிறவருக்கு அப்படி ஒருவர் வாய்ப்பது அரிது. ஆகையால் முகவர் சொல்வதையே முழுவதும் நம்பிப் புறப்பட்டு, போன பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் திண்டாடுகிறார்கள். களுவாஞ்சிகுடியிலிருந்து மாணவராகப் போய், பின்னர் வேலைக்கு மாறி, இப்போது அங்கேயே வதியும் ஒருவர் என்ற முறையில், எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத விடயங்களை வரிசைப்படி இங்கே எழுதுகிறேன். பின்னால் வருகிறவர்களாவது அலையாதிருக்க வேண்டும்.

ஜப்பானிய அலுவலர்கள் பொறுமையாகப் பேசுவார்கள், மரியாதையாக நடத்துவார்கள். ஆனால் இரண்டு விடயங்களில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். உங்கள் பெயர் எல்லாக் கடதாசிகளிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். ஒவ்வோர் அறிவித்தலும் அதற்குரிய நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். நான் அனுபவித்த, அருகிலிருந்து கண்ட இடர்களில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்று பிசகியதால் வந்தவையே. கீழே வரும் கட்டணங்கள் காலத்துக்குக் காலம் உயர்த்தப்படுபவை என்பதால், காசு கட்டுமுன் உரிய அலுவலகத்தின் இணையத்தளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. ஓராண்டுக்கு முன்பே பெயரை ஒழுங்கு செய்யுங்கள்

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்கள் ஆகியவற்றை மேசையில் வரிசையாக வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எங்கள் பகுதியில் இவை எல்லாம் ஒத்திருப்பது அபூர்வம். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் மட்டும் இருக்கும். பாடசாலைப் பதிவில் தகப்பன் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். கடவுச்சீட்டில் அதுவே குடும்பப் பெயராக விரிந்திருக்கும். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் முஹம்மது என்ற பெயர் தகப்பனின் அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டலிலும் மகனின் அட்டையில் வேறோர் எழுத்துக்கூட்டலிலும் இருப்பது வழக்கம். ஊரில் இது யாருக்கும் பொருட்டில்லை. ஜப்பானில் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலருக்கோ, எழுத்து வேறானால் ஆளும் வேறு.

ஜப்பானில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் எல்லா அட்டைகளும் கடவுச்சீட்டைப் பார்த்தே எழுதப்படும். ஆகவே கடவுச்சீட்டில் எந்த எழுத்துக்கூட்டல் வர வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, மற்றவற்றை அதற்கு இசைவாக்குங்கள். வேறுபாடு சிறியதாயின், இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் முடித்த சத்தியக்கடதாசி பெரும்பாலும் போதும். பிறப்புப் பதிவிலேயே பிழை இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது மாதக்கணக்கில் இழுபடும் வேலை. ஓராண்டுக்கு முன்பே தொடங்கச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

கடவுச்சீட்டு விண்ணப்பத்தை இணையத்தில் சமர்ப்பித்துவிட்டு, தெரிவு செய்யப்பட்ட பிரதேச செயலகங்களில் கைவிரல் அடையாளம் கொடுக்கும் ஏற்பாடு 2023 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போய் வரும் பயணத்தையும் தங்கும் செலவையும் இது மிச்சப்படுத்தும். 2024 இல் உயர்த்தப்பட்ட கட்டணப்படி சாதாரண சேவைக்கு 10,000 ரூபாயும் ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபாயும் ஆகும். நாள் கைவசம் இருந்தால் சாதாரண சேவையே போதும்.

பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருப்பின், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்புப் பெற வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் உங்கள் பெற்றோரின் பெயரைத் தமக்குப் பழகிய எழுத்துக்கூட்டலில் எழுதிவிடுவார். அது தாய் தகப்பனின் அடையாள அட்டையிலுள்ள எழுத்தோடு பொருந்தாது. ஆகவே பெற்றோரின் அடையாள அட்டைப் பிரதிகளையும் கொண்டுபோய், அவர் முத்திரை குத்துவதற்கு முன் பெயர்களை நீங்களே வாசித்துச் சரிபாருங்கள். பிரதிகளையும் மொழிபெயர்ப்புகளையும் இரண்டு மூன்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அவை எதற்கு என்பது கீழே வரும்.

2. எந்தத் தகுதியில் போகிறீர்கள் என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள்

ஜப்பானில் வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வதிவிடத் தகுதி உண்டு. என்ன செய்யலாம், எத்தனை காலம் இருக்கலாம், குடும்பத்தை அழைக்கலாமா என்பவற்றை அதுவே தீர்மானிக்கும். எங்கள் பகுதியிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் போகிறார்கள்.

மொழிப் பாடசாலை மாணவராகப் போவது முதலாவது. உயர்தரம் மட்டும் முடித்தவருக்கு, மொழிப் பாடசாலையை முடித்தவுடன் அலுவலக வேலைக்கான தகுதி கிடைத்துவிடாது. அதன் பின் ஜப்பானிலேயே தொழிற்கல்லூரியோ பல்கலைக்கழகமோ முடிக்க வேண்டும், அல்லது கீழே சொல்லும் திறன் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். "இரண்டு வருடம் படித்தால் வேலை விசா" என்று முகவர் சொன்னால் இந்த இடத்தை விளக்கும்படி கேளுங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ பட்டம் பெற்றவர்களின் நிலை வேறு. அந்தப் பட்டத்தையும் புள்ளிப் பத்திரத்தையும் கொண்டே, துறைக்குப் பொருத்தமான வேலை கிடைத்தால் தகுதி மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

இரண்டாவது, டொகுதெய் கினோ எனப்படும் குறிப்பிட்ட திறன் தொழிலாளர் தகுதி. இதற்கான ஒத்துழைப்பு ஒப்பந்தம் இலங்கைக்கும் ஜப்பானுக்கும் இடையே 2019 ஜூனில் ஆனது. துறைசார் பரீட்சையும் அடிப்படை ஜப்பானிய மொழிப் பரீட்சையும் தேவை. முதல் நிலையில் மொத்தம் ஐந்தாண்டுகளே இருக்கலாம், மனைவி மக்களை அழைக்க முடியாது. இரண்டாம் நிலைக்கு உயர்ந்தால் அழைக்கலாம். புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும் என்பதையும், முகவர் அங்கே அனுமதிப்பத்திரம் பெற்றவரா என்பதையும் மறவாமல் பாருங்கள்.

மூன்றாவது, பட்டத்தின் அடிப்படையில் நேரடியாக நிறுவனமொன்றினால் அழைக்கப்படுவது. இவர்களுக்கு ஆவண வேலையைப் பெரும்பாலும் நிறுவனமே பார்க்கும்.

3. காசு எப்போது கட்ட வேண்டும், எப்போது கட்டக்கூடாது

மாணவராகப் போகிறவர்களே இதில் அதிகம் இழக்கிறார்கள். முறை இதுதான்: பாடசாலை உங்கள் சார்பில் ஜப்பானியக் குடிவரவு அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கும், நீங்கள் ஜப்பானில் வதியத் தகுதியுடையவர் என்று அந்த அலுவலகம் உறுதிசெய்யும் தகுதிச் சான்றிதழ் வரும், அதைக் கொண்டு கொழும்பில் விசாவுக்கு விண்ணப்பிப்பீர்கள். சான்றிதழ் வருவதற்கு முன் பாடசாலை வாங்குவது பொதுவாக 20,000 முதல் 30,000 யென் வரையான தெரிவுக் கட்டணம் மட்டுமே. முதலாண்டுப் படிப்புக் கட்டணமான ஏறத்தாழ 7 முதல் 9 இலட்சம் யென்னைத் தகுதிச் சான்றிதழ் கிடைத்த பின்னரே கேட்பார்கள். அதை உங்கள் வங்கியிலிருந்து நேரே பாடசாலையின் கணக்குக்கு அனுப்புங்கள். முழுத் தொகையையும் முற்கூட்டித் தன் கணக்கில் போடச் சொல்லும் முகவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். காணியை ஈடு வைத்துக் கட்டிய காசு, சான்றிதழ் மறுக்கப்பட்டதும் திரும்பாமலே போன குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த வீடுகளை நினைத்தே இந்தப் பத்தியை அழுத்திச் சொல்கிறேன்.

ஏப்ரல் மாத அனுமதிக்குப் பாடசாலைகள் முந்தைய ஆண்டின் செப்ரெம்பர், ஒக்ரோபரிலேயே ஆவணங்களைக் கேட்கும். முடிவு பெப்ரவரி இறுதியை ஒட்டி வரும். ஒக்ரோபர் அனுமதிக்கு ஏப்ரல், மே மாதங்களில் ஆவணங்கள் தயாராக வேண்டும். முடிவு ஓகஸ்ட் இறுதியில் வரும். தகுதிச் சான்றிதழ் வழங்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் ஜப்பானுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பதால், விசாவுக்கு விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் செலவைப் பொறுப்பேற்கும் அனுசரணையாளரின் பண ஆவணங்களில் வங்கி மீதிச் சான்று மட்டும் போதாது. அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதையும் பார்ப்பார்கள். நேற்றுவரை சில ஆயிரம் ரூபாய் இருந்த கணக்கில் திடீரென்று பல இலட்சம் விழுந்திருந்தால், அது கைமாற்று என்று உடனே புரிந்துகொள்வார்கள். தகப்பன் வயல் செய்கிறவராயின் நெல் விற்ற பற்றுச்சீட்டு, கடை வைத்திருப்பவராயின் வியாபாரப் பதிவு, அரச ஊழியராயின் சம்பளச் சான்று, இவற்றோடு கிராம உத்தியோகத்தர் வழங்கி பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட சான்றிதழ் ஆகியவற்றைச் சேர்த்து, ஓராண்டு வங்கிக் கணக்கு அறிக்கையோடு பொருந்தும்படி அடுக்குங்கள். வேளாண்மை வெட்டும் போகங்களில் மட்டும் பணம் வரும் குடும்பங்கள் அதை ஒரு பக்கக் கடிதமாக விளக்கி எழுதினால், பாடசாலை அதனை மொழிபெயர்த்து இணைக்கும்.

4. கையோடு கொண்டுபோக வேண்டியவை

விமானத்தில் கைப்பையில் இருக்க வேண்டியவை: கடவுச்சீட்டு, தகுதிச் சான்றிதழ் அல்லது அதன் மின்னஞ்சற் பிரதி, பாடசாலையின் அல்லது நிறுவனத்தின் முகவரி, பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும், மணமானவராயின் விவாகச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும், பெற்றோருடைய பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள், கல்விச் சான்றிதழ்களின் மூலங்கள், பழைய கடவுச்சீட்டு இருந்தால் அதுவும்.

சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதை ஜப்பானிய அனுமதிப்பத்திரமாக மாற்ற வேண்டுமானால், அதைப் பெற்ற பின் இலங்கையில் மொத்தம் மூன்று மாதமாவது இருந்திருக்க வேண்டும். புறப்படும் மாதத்தில் அவசரமாக எடுத்த அனுமதிப்பத்திரம் அங்கே மாற்றத்துக்கு உதவாது. 2025 ஒக்ரோபர் முதல் அறிவுப் பரீட்சையில் 50 கேள்விகள் கேட்கப்படுகின்றன. 90 வீதம் சரியாக விடையளிக்க வேண்டும். அதன் பின் ஓட்டுநர் பரீட்சையும் உண்டு.

5. விமான நிலையத்தில்

கொழும்பிலிருந்து நேரே போகிறவர்கள் நரிட்டாவில் இறங்குவார்கள். கடவுச்சீட்டு மேசையிலேயே வதிவிட அட்டையை அச்சிட்டுத் தருவார்கள்; ஊர்க்காரர் எல்லாரும் ஸாய்ர்யூ கார்ட் என்றே சொல்லும் அட்டை அதுதான். பெயர், பிறந்த திகதி, காலாவதித் திகதி மூன்றையும் அந்த மேசையை விட்டு நகருமுன் பாருங்கள். மாணவர்கள் பகுதிநேர வேலைக்கான அனுமதிப் படிவத்தை அங்கேயே நீட்டினால் அட்டையின் பின்புறத்தில் அனுமதி முத்திரை விழும். தவறவிட்டால் குடிவரவு அலுவலகத்துக்குத் தனியாகப் போய், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும்.

அன்றிலிருந்து 16 வயதுக்கு மேற்பட்ட எவரும் இந்த அட்டையை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும். வைத்திராவிட்டால் 200,000 யென் வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. பக்கத்துக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

6. முதல் பதினான்கு நாட்கள்

இங்கே வரிசை முக்கியம். வங்கி தொலைபேசி இலக்கம் கேட்கும். தொலைபேசிக் கடை முகவரி பதிந்த அட்டை கேட்கும். ஆகவே முகவரி, தொலைபேசி, வங்கி என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

குடியிருக்கத் தொடங்கிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் அந்தப் பகுதியின் நகர அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். இதைச் செய்யாதவருக்குத் தண்டம் உண்டு. 90 நாள் கடந்தால் வதிவிடத் தகுதியையே இரத்துச் செய்யலாம். பதிந்ததும் அட்டையின் பின்புறத்தில் முகவரி ஏறும். அங்கேயே ஜூமின்ஹ்யோ எனப்படும் வதிவிடப் பதிவுப் பிரதியை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு 300 யென் அளவில் ஆகும்.

அந்தப் படிவத்தில் உங்கள் பெயரைக் கத்தகானா என்ற, வெளிநாட்டுப் பெயர்களை ஒலிப்படி எழுதும் ஜப்பானிய எழுத்தில் எழுதச் சொல்லும் சிறு கட்டம் ஒன்று இருக்கும். எல்லாரும் அவசரத்தில் நிரப்பும் இந்தக் கட்டமே பின்னாளில் பெரிய வில்லங்கமாகும். சிவலிங்கம் என்ற பெயரில் வரும் வகர ஒலியை ஓர் அலுவலர் பகரமாகவும் இன்னொருவர் ஊகாரம் சேர்த்தும் எழுதுவார். லகரம் எப்படியும் ரகரமாகும். கடைசி மகர மெய்யை ஒருவர் மு என்று முடிப்பார், மற்றவர் ன் என்று முடிப்பார். நகர அலுவலகத்தில் ஒருவிதம், வங்கியில் ஒருவிதம், நிறுவனத்தில் ஒருவிதம் என்று பதிந்துவிட்டால், சம்பளம் வங்கியில் ஏறாமல் திரும்பும், ஓய்வூதியப் பதிவு இரண்டாகப் பிரியும். புறப்படுமுன்பே ஜப்பானிய மொழி ஆசிரியரிடம் கேட்டு, உங்கள் பெயரின் கத்தகானா வடிவம் ஒன்றைத் தீர்மானித்து, ஒரு சிறு அட்டையில் தெளிவாக எழுதி, எல்லா இடங்களிலும் அதையே நீட்டுங்கள். இதற்குச் செலவு எதுவுமில்லை.

அதே நாளில், அதே கட்டடத்தில், மேலும் இரண்டு மேசைகளுக்குப் போக வேண்டும். ஒன்று தேசிய சுகாதாரக் காப்புறுதி. மாணவர்களும் நிறுவனக் காப்புறுதி இல்லாதவர்களும் இதில் கட்டாயம் சேர வேண்டும். சேர்ந்தால் மருத்துவச் செலவில் 30 வீதம் மட்டும் நீங்கள் கட்டினால் போதும். மாதக் கட்டணம் முந்தைய ஆண்டு வருமானத்தைப் பார்த்துக் கணிக்கப்படுவதால், புதிதாக வந்தவருக்குக் குறைவாக வரும். ஆனால் "எனக்கு வருமானம் இல்லை" என்பதை நீங்களே படிவத்தில் அறிவித்தால்தான் அந்தக் குறைப்புக் கிடைக்கும்.

மற்றது நென்கின் எனப்படும் தேசிய ஓய்வூதியம். 20 முதல் 59 வயது வரையான எல்லாருக்கும், வெளிநாட்டவர் உட்பட, இது கட்டாயம். 2025 நிதியாண்டில் மாதக் கட்டணம் 17,510 யென். பகுதிநேர வேலையில் வாழும் மாணவருக்கு இது பெருஞ்சுமை. ஆனால் மாணவருக்கான ஒத்திவைப்பும் குறைந்த வருமானத்தாருக்கான விலக்கும் இருக்கின்றன. உங்கள் பாடசாலை எதற்கு உரியது என்று அந்த மேசையிலேயே கேட்டு, அன்றே விண்ணப்பித்து, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பியுங்கள். விண்ணப்பிக்காமல், வரும் கட்டணச் சீட்டுகளை இழுப்பறையில் போட்டு வைப்பது மிகத் தவறான வழி. விலக்குப் பெற்ற மாதமும் கட்டாமல் விட்ட மாதமும் பதிவேட்டில் வெவ்வேறாகவே எழுதப்படும், நிரந்தர வதிவிடம் கேட்கும் நாளில் அந்த வேறுபாடு தெரியும்.

சில வாரங்களில் மைநம்பர் என்ற தனியாள் இலக்கம் தபாலில் வரும். அதற்குரிய அட்டையைப் பெற்றுக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் 2 முதல் பழைய சுகாதாரக் காப்புறுதி அட்டைகள் புதிதாக வழங்கப்படுவதில்லை. மருத்துவமனையில் மைநம்பர் அட்டையையோ அதற்குப் பதிலான உறுதிப்படுத்தும் பத்திரத்தையோ காட்ட வேண்டும். வெளிநாட்டவரின் மைநம்பர் அட்டை வதிவிடக் காலத்தோடு முடிவடைவதால், வதிவிட அட்டையைப் புதுப்பித்த பின் நகர அலுவலகத்தில் இதையும் நீடிக்க வேண்டும். அது தானாக நீடிப்பதில்லை.

வங்கிகளில் பல, வந்து ஆறு மாதம் ஆகாதவருக்குக் கணக்குத் திறக்கத் தயங்கும். தபால் வங்கியான யூச்சோ மாணவருக்கு எளிது. நாடு திரும்பும்போது கணக்கை மூடிவிடுங்கள். காசுக்காக இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வருவது அங்கே குற்றம்.

7. வீடு

முதலில் பாடசாலை விடுதியிலோ நிறுவனம் தரும் அறையிலோ இருப்பது நல்லது. தனியாக வாடகைக்கு எடுத்தால், ஷிகிகின் என்ற முற்பணம், ரேகின் என்ற திரும்பாத அன்பளிப்புப் பணம், ஒரு மாத வாடகை வரையான தரகுப்பணம், பிணை நிறுவனக் கட்டணம், தீக் காப்புறுதி, முதல் மாத வாடகை எல்லாம் சேர்ந்து நான்கு முதல் ஆறு மாத வாடகைக்குச் சமமான தொகை ஒரே நாளில் தேவைப்படும். யூஆர் எனப்படும் அரச சார்பு அடுக்குமாடிகளில் ரேகின், தரகு, பிணையாளர், புதுப்பித்தல் கட்டணம் எதுவும் இல்லை. வருமானத் தகுதி மட்டும் கேட்பார்கள். வீடு மாறினால் பழைய நகர அலுவலகத்தில் வெளியேறும் அறிவித்தலும், புதிய இடத்தில் 14 நாளுக்குள் நுழைவு அறிவித்தலும் கொடுக்க வேண்டும்.

8. வேலை, வரி, ஊருக்கு அனுப்பும் பணம்

மாணவர் வாரத்துக்கு 28 மணித்தியாலம் வேலை செய்யலாம். பாடசாலையின் நீண்ட விடுமுறையில் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம். இரண்டு இடங்களில் செய்தால் இரண்டையும் கூட்டியே 28. கூடுதலாகச் செய்தது வரிப் பதிவில் அப்படியே தெரியும். அடுத்த விசா நீடிப்பு மறுக்கப்பட அது ஒன்றே போதும். ஊரில் பட்ட கடனை அடைக்கும் அவசரத்தில் இந்த எல்லையைத் தாண்டிய நல்ல பிள்ளைகள் படிப்பையும் இழந்து திரும்பியிருக்கிறார்கள். கடன் தந்தவரிடம் புறப்படுமுன்பே நீண்ட தவணை பேசிக்கொள்ளுங்கள்.

முழுநேர வேலைக்கு மாறியதும் சம்பளத்திலிருந்து சுகாதாரக் காப்புறுதியும், 9.15 வீதம் ஓய்வூதியமும், வருமான வரியும் கழியும். நிறுவனமும் அதே அளவு ஓய்வூதியத்துக்குப் போடும். புதியவர்களைத் தடுமாறச் செய்வது ஜூமின்செய் என்ற வதிவிட வரி. இது முந்தைய ஆண்டின் வரிக்குரிய வருமானத்தில் ஏறத்தாழ 10 வீதம். ஜனவரி 1 அன்று எங்கே வதிந்தீர்களோ அந்த நகரத்துக்குச் சேரும். அறவிடத் தொடங்குவது ஜூன் மாதத்தில். ஆகவே வேலையின் முதலாண்டில் கையில் வரும் சம்பளத்தை வைத்து இரண்டாம் ஆண்டுச் செலவைத் திட்டமிடாதீர்கள். வேலையை விட்டாலும் சம்பளம் குறைந்தாலும், முந்தைய ஆண்டுக் கணக்கிலான இந்த வரி உங்களைத் தொடர்ந்து வரும்.

இந்த வரிகளைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று உண்டு. எங்கள் ஆட்களில் பலர் அறியாதது. ஊரிலுள்ள பெற்றோரை நீங்கள் தாபரிப்பவராயின், அவர்களைத் தங்கிவாழ்வோராகக் காட்டி வரி விலக்குப் பெறலாம். இதற்கு இரண்டு சான்றுகள் தேவை. ஒன்று உறவைக் காட்டும் ஆவணம். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளை அதிகமாக எடுக்கச் சொன்னது இதற்காகவும்தான், ஜப்பானிய மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும். மற்றது பணம் அனுப்பியதற்கான வங்கிச் சான்று. 2023 முதல் விதி இறுக்கப்பட்டுள்ளது: 30 முதல் 69 வயது வரையானவரைத் தங்கிவாழ்வோராகக் காட்டுவதற்கு, மாற்றுத்திறனாளி போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அவருடைய வாழ்க்கைச் செலவுக்காக ஆண்டுக்கு 380,000 யென்னுக்குக் குறையாமல் அனுப்பியிருக்க வேண்டும். தகப்பனுக்கு 62 வயது, தாய்க்கு 58 என்றால், இருவருக்கும் தனித்தனியே அந்தத் தொகை. முழுவதையும் தகப்பனின் கணக்கிலோ அண்ணனின் கணக்கிலோ போட்டுவிட்டு, அது எல்லாருக்கும் உரியது என்று சொன்னால் ஏற்கமாட்டார்கள். ஆகவே தாய்க்கும் ஒரு வங்கிக் கணக்குத் திறந்து, அவர் பெயருக்கே அனுப்புங்கள். உண்டியலில் அனுப்பிய பணத்துக்குச் சான்று எதுவும் இல்லை. அனுமதியற்ற பணமாற்று ஜப்பானில் குற்றமுமாகும். சான்றுகளை ஆண்டிறுதியில் நிறுவனத்திடம் கொடுக்கலாம். தவறினால் அடுத்த ஆண்டு பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் 15 வரை வரி அலுவலகத்தில் நீங்களே சமர்ப்பிக்கலாம். மீளப்பெறுவதற்கு ஐந்தாண்டு வரை இடமுண்டு.

வேலை மாறினால் 14 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும், இணையத்திலும் செய்யலாம். தகுதிக்குரிய வேலை எதுவும் இன்றி, தக்க காரணமும் இன்றி மூன்று மாதம் கடந்தால் தகுதி இரத்தாகலாம்.

9. புதுப்பித்தல்

வதிவிடக் காலத்தை நீடிக்க, காலாவதிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம்; அந்த முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் கட்டணம் அலுவலகத்தில் 6,000 யென், இணையவழியில் 5,500 யென். காலாவதிக்கு முன் விண்ணப்பித்தவர், முடிவு வரும் வரையோ காலாவதியிலிருந்து இரண்டு மாதம் வரையோ, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை சட்டப்படி இருக்கலாம். நகர அலுவலகத்தில் வரி கட்டிய சான்று எடுத்து இணைக்க வேண்டும். நிலுவை இருந்தால் முதலில் அதைக் கட்டி முடியுங்கள்.

கோயில் திருவிழாவுக்கோ பெருநாளுக்கோ ஊருக்கு வந்து போகிறவர், ஓராண்டுக்குள் திரும்புவதாயின் தனியான மீள்நுழைவு அனுமதி எடுக்கத் தேவையில்லை. ஆனால் புறப்படும்போது வெளியேற்றப் படிவத்தில் திரும்பி வரும் எண்ணம் உண்டு என்ற கட்டத்தில் அடையாளமிட்டாக வேண்டும். இடாவிட்டால் வதிவிடத் தகுதி அங்கேயே முடிந்துவிடும்.

நிரந்தர வதிவிடத்துக்குப் பொதுவாகப் பத்தாண்டு வதிவு, அதில் ஐந்தாண்டு வேலைத் தகுதியில் இருக்க வேண்டும். வரி, காப்புறுதி, ஓய்வூதியம் கட்டினீர்களா என்பதோடு, உரிய நாளில் கட்டினீர்களா என்பதையும் பார்ப்பார்கள். வங்கியிலிருந்து தானாகக் கழியும்படி ஒழுங்கு செய்துவிடுவதே பாதுகாப்பு.

10. குடும்பமும் குழந்தையும்

மனைவி அல்லது கணவரையும் பிள்ளைகளையும் அழைக்க, விவாகச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழ்களும் ஜப்பானிய மொழிபெயர்ப்போடு, உங்கள் வரி, வருமானச் சான்றுகளோடு சமர்ப்பிக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டியோ பள்ளிவாசலில் நிக்காஹ் முடித்தோ விவாகப் பதிவைப் பின்போட்டவர்கள், விண்ணப்பிக்குமுன் பதிந்துகொள்ளுங்கள். குடும்பத் தகுதியில் வருகிறவர் தனியாக அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணித்தியாலம் வேலை செய்யலாம்.

ஜப்பானில் பிறப்பதால் மட்டும் குழந்தைக்கு அந்நாட்டுக் குடியுரிமை கிடைக்காது. பிறந்து 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும்; 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் குழந்தையின் வதிவிடத் தகுதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். டோக்கியோவிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் குடியுரிமைப் பதிவு செய்ய வேண்டும். பிந்தினால் தண்டப்பணமும் கூடுதல் விளக்கமும் தேவைப்படும். பிரசவ அலைச்சலில் முதல் இரண்டு எல்லைகளும் எளிதில் தவறிப்போகும் என்பதால், குழந்தை பிறக்குமுன்பே படிவங்களை எடுத்து, நிரப்பக்கூடியவற்றை நிரப்பி வையுங்கள்.

11. நிரந்தரமாகத் திரும்பும்போது

ஆறு மாதமோ அதற்கு மேலோ ஓய்வூதியம் கட்டி, பத்தாண்டு நிறையாமல் நாடு திரும்புகிறவர், கட்டியதில் ஒரு பகுதியை மொத்தத் தொகையாகத் திரும்பப் பெறலாம். இரண்டாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கணக்கில் எடுப்பது அதிகபட்சம் 60 மாதம். தேவைப்படுபவை ஓய்வூதிய இலக்கம், கடவுச்சீட்டுப் பிரதி, ஜப்பானிய முகவரியை நீக்கியதற்கான சான்று, உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு விவரம். இலங்கை வங்கிக் கணக்கில் முதலெழுத்துகளோடு சுருக்கமாகப் பெயர் இருந்தால், கடவுச்சீட்டிலுள்ளபடி முழுப்பெயருக்கு மாற்றிய பின்னரே படிவத்தை அனுப்புங்கள்.

நிறுவன ஓய்வூதியத்துக்குரிய இந்தத் தொகையில் 20.42 வீதம் வரியாகக் கழித்தே அனுப்புவார்கள். அந்த வரியையும் மீளப்பெறலாம். அதற்கு ஜப்பானில் வதியும் ஒருவரை உங்கள் வரிப் பிரதிநிதியாக நியமித்து, புறப்படுமுன் உங்கள் பகுதி வரி அலுவலகத்தில் அந்தப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். நம்பிக்கையான ஊர் நண்பர் ஒருவரே இதற்குப் போதும். மீதமுள்ள வதிவிட வரிச் சீட்டுகளையும் அவரே பெற்றுக் கட்டலாம். ஓய்வூதியத் தொகை கைக்கு வந்ததும் அதனோடு வரும் அறிவிப்புக் கடிதத்தின் மூலத்தை அவருக்கு அனுப்பிவையுங்கள். மீளப்பெறும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியது அந்தக் கடிதம்தான்.